வாப்பாவின் பெயரில் வந்த பக்கம்

வாப்பா மௌத்தாகி, அடக்கம் முடிந்து மூன்றாவது வாரம். லுஹர் நேரமாகிவிட்டதா என்று பார்ப்பதற்காக அவருடைய டெப்லெட்டைத் திறந்தேன். திறந்தவுடன் தொழுகை நேரம் காட்டுகிற பக்கம் வரும்படி அவரே அமைத்து வைத்திருந்தார். அன்றைக்கு அந்தப் பக்கம் வரவில்லை. இணையக் கம்பனியின் நிறத்தில் மேலே ஒரு பட்டியோடு வேறொன்று வந்து நின்றது. அதில் தமிழில் "மதிப்பிற்குரிய" என்று தொடங்கி வாப்பாவின் முழுப்பெயர் இருந்தது. அவருடைய வாப்பாவின் பெயர் முன்னால், அவர் பெயர் பின்னால், ஒரு எழுத்துக் குறையவில்லை. "அவர்களே, உங்களது பகல்நேர டேட்டா அளவு முடிவடைந்துவிட்டது. உங்கள் இணைப்பின் வேகம் குறைக்கப்பட்டுள்ளது." கீழே "தொடர்க" என்று ஒரு பொத்தான்.

டெப்லெட் கையிலிருந்து நழுவி விழுந்தது என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். விழவில்லை. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவுதான். அந்த முழுப்பெயரை ஊரில் யாரும் சொல்வதில்லை. ஊருக்கு அவர் போஸ்ட் மாஸ்டர், எங்களுக்கு வாப்பா. கடைசியாக அதை முழுதாகக் கேட்டது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில், ஜனாஸா அறிவித்தலில். அதே பெயர், அதே ஒழுங்கில், இப்போது மடியில் கிடந்தது. மௌத்தான மனுசரிடம் உங்கள் அளவு முடிந்துவிட்டது, வேகத்தைக் குறைத்துவிட்டோம் என்று சொல்வதற்கு இவர்களுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் என்று ஆத்திரம் வந்தது. ஆத்திரத்துக்கு அடியில் பயம் இருந்தது. அதை அப்போது நான் ஒத்துக்கொள்ளவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். சாய்ந்தமருதில் உம்மாவுக்கு இருந்த வீடு என் கல்யாணத்தோடு எனக்கு வந்தது. உம்மாவும் வாப்பாவும் பின் அறைக்கு மாறிக்கொண்டார்கள். மின்சாரம் என் பெயரில், தண்ணீர் உம்மாவின் பெயரில், இணையம் மட்டும் வாப்பாவின் பெயரில். பென்ஷனான பிறகு அவரே கல்முனைக்கு பஸ் ஏறிப் போய் விண்ணப்பித்து எடுத்த இணைப்பு அது. பாலமுனையில் தொடங்கி இந்தக் கரையோர ஊர்களின் தபால் கந்தோர்களிலெல்லாம் இருந்தவர். ஓரம் கிழிந்த கடிதம் வந்தால் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் பசை பூசுவார் என்று அவரோடு வேலை செய்தவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்தப் பக்கம் அவர் இருந்த காலத்திலும் வந்திருக்கிறது. அப்போதெல்லாம் பின் அறையிலிருந்து அவர் ஏசுகிற சத்தம் கேட்கும். "நான் தொழுக நேரத்தக் கேட்டா இவன் ஏன் நடுவுல வந்து நிக்கிறான்?" பிறகு கம்பனிக்கு அழைப்பெடுத்து, என் தபாலைப் பிரித்துப் பார்க்க உங்களுக்கு யார் அதிகாரம் தந்தது என்று விசாரணை நடத்துவார். மறுபக்கத்தில் அகப்பட்ட பிள்ளை பாவம், டேட்டா வாங்குங்கள் ஐயா என்பதைத் தவிர அதற்கு வேறொன்றும் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்காது. உம்மா விழுந்து விழுந்து சிரிப்பார். நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கத்தை ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

என் வேலையும் அந்த இணைப்பில்தான் ஓடியது. லண்டனில் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சனி, ஞாயிறு பகலில் வீடியோ அழைப்பில் குர்ஆன் ஓதிக் கொடுக்கிறேன். வேகத்தைக் குறைத்துவிட்டால் எழுத்துக்களை விழுங்கும். நீட்டி ஓதவேண்டிய இடம் குட்டையாகிவிடும். ஒரு சின்னப் பிள்ளை ஓத ஓத, "திரும்ப" என்றேன். அது திரும்ப ஓதியது. "இல்ல மகள், நீட்டணும், திரும்ப" என்றேன். பிள்ளையின் கண் கலங்கிவிட்டது. பிறகு அதன் தாய் தங்கள் பக்கத்தில் பதிவு செய்ததை அனுப்பினார். பிள்ளை ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் ஓதியிருந்தது. ஓதலிலும் கை வைக்கிறானுகளே என்று சத்தமாகவே ஏசினேன்.

ஒலுவிலில் இருக்கும் சாச்சாவின், அதாவது வாப்பாவின் தம்பியின் மகன் நெட்வேர்க் வேலை பார்ப்பவன். அவனைக் கூப்பிட்டேன். உம்மா இத்தாவில் இருந்தார். புருஷன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், அந்நிய ஆண்களின் பார்வையில் படாமல் இருக்கவேண்டும். அதனால் அவன் முன் விறாந்தையோடு நின்றுகொண்டான். இணையப் பெட்டியும் டெப்லெட்டும் பின் அறையில். நான்தான் டெப்லெட்டைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தேன். பார்த்த மாத்திரத்தில் அவனுக்கு விளங்கிவிட்டது. எங்கள் வீட்டுக்கும் நாங்கள் கேட்கிற பக்கத்துக்கும் நடுவில் கம்பனி இருக்கிறது, பூட்டுப் போட்ட பக்கம் என்றால் அவர்களால் உள்ளே கை விட முடியாது, வாப்பா வைத்திருந்தது பூட்டில்லாத பழைய பக்கம், அதனால் அதை நிறுத்திவிட்டுத் தங்கள் பக்கத்தைத் தள்ளுகிறார்கள் என்றான். வீடியோவுக்கு வேறு வித்தையாம். உள்ளே என்ன கதைக்கிறோம் என்று தெரியாவிட்டாலும் போவது வீடியோ என்று கண்டுபிடித்து, அதை மட்டும் நெரிப்பார்களாம்.

"தொழுக நேரத்துக்குப் பூட்டுள்ள பக்கமா ஒண்டப் போட்டுத் தாறன் ராத்தா. மறுகா இது வராது" என்றான்.

போட்டுவிடு என்று நான் சொல்லி முடிக்கவில்லை. உள்ளேயிருந்து உம்மா என்னைக் கூப்பிட்டார். அதில் ஒன்றும் தொடவேண்டாமாம். எழுத்துப் பெரிசாம், பழகின பக்கமாம், வாப்பா வைத்தது வைத்தபடி இருக்கட்டுமாம். நியாயம்தானே என்று நினைத்துக்கொண்டேன். அவன் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

ஆனால் எனக்கு அந்தப் பெயர் அந்த இடத்தில் இருக்கக்கூடாது. பொழுது விடிந்து டெப்லெட்டைத் தொடும்போதெல்லாம் வருகிறதா, வரவில்லையா என்று பார்த்துப் பார்த்தே திறந்தேன். வராத நாளில்கூட வந்துவிடுமோ என்றிருக்கும். ஒருதரம் மீன்காரனின் ஹோர்ன் சத்தத்துக்கு எழும்பிப் போகும்போது, திரையில் இன்னும் அவர் பெயர் எரிந்துகொண்டிருக்கிறது, அவரைத் தனியே விட்டுவிட்டுப் போகிறேன் என்று தோன்றியது. திரும்பி வந்து "தொடர்க"வை அழுத்திவிட்டுத்தான் போனேன். பெயரை மாற்றினால் பெரிய பெக்கேஜும் எடுக்கலாம், என் வகுப்பும் தப்பும் என்று காரணம் வைத்துக்கொண்டு கல்முனைக்குப் போனேன்.

கம்பனிக் கந்தோரில் இருந்த பிள்ளை மருதமுனைக்காரி, மரியாதையான பிள்ளை. மரணச் சான்றிதழைப் பார்த்தவுடன் முகம் வாடி, இன்னா லில்லாஹி சொன்னாள். பிறகு, உரிமையாளர் இல்லையென்றால் அவருடைய மனைவி நேரில் வந்து கையெழுத்து வைக்கவேண்டும் என்றாள். உம்மா இத்தாவில் இருக்கிறார் என்றேன். அவளுக்கு விளங்காமலா? அவளுடைய சொந்த மாமி போன வருசம் இத்தா இருந்தாவாம். ஆனால் கம்பியூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். வெளிநாட்டில் இருக்கிறார் என்று ஒரு கட்டம், ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று ஒரு கட்டம்.

"இத்தாவுக்குக் கட்டம் இல்ல ராத்தா. கொழும்புல செஞ்ச ஸிஸ்டம்" என்றாள்.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் கதைத்தேன். அவசியமான விசயத்துக்குப் பகலில் போய் வரலாம், மௌலவியிடம் கேட்டுப் பார்ப்போமா என்று நயமாகத்தான் ஆரம்பித்தேன். உம்மாவுக்கு அப்படியொரு கோபம் வந்து நான் அதிகம் கண்டதில்லை. இன்டர்நெட்டுக்கு ஒரு கையெழுத்து வைக்கப் போய் இத்தாவை முறிக்கச் சொல்கிறாயா, உனக்கு ஓதிக் கொடுத்தது யார் என்று கேட்டார். மரணச் சான்றிதழைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். ஆக, இத்தா முடியும்வரைக்கும் கம்பனியின் கணக்கில் வாப்பா உயிரோடுதான் இருந்தார்.

அதற்குப் பிறகுதான் ஒரு விசயம் கவனத்தில் பட்டது. மாதக் கடைசியில் வந்துகொண்டிருந்த பக்கம் மாத நடுவிலேயே வரத் தொடங்கியது. அடுத்த மாதம் அதைவிடவும் முந்தியது. டேட்டா எங்கே போகிறது? முதலில் என் கணவரைப் பிடித்தேன். கிரிக்கெட் பார்க்கிறீர்கள் என்றேன். அந்த மனுசன் கடையில் நின்று பார்க்கிற கிரிக்கெட்டை வீட்டில் ஏன் பார்க்கப்போகிறேன் என்று சத்தியம் பண்ணினார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மதிலடியில் நின்று இழுக்கிறார்கள் என்று முடிவெடுத்து பாஸ்வேர்டை மாற்றினேன். அன்று பின்னேரமே உம்மா டெப்லெட்டையும் தன் கைபேசியையும் நீட்டி, மகள், இதுகள் என்னமோ கேட்கிறது என்றார். இரண்டிலும் புதிய பாஸ்வேர்டை என் கையாலேயே போட்டுக் கொடுத்தேன். அடுத்த மாதமும் அதே கதைதான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். உம்மா வாப்பாவின் பெயரைச் சொல்லமாட்டார். அந்தத் தலைமுறைப் பெண்கள் யாருமே புருஷனின் பெயரைச் சொல்வதில்லை. கூப்பிடுவதென்றால் "இஞ்ச பாருங்க". மற்றவர்களிடம் என்றால் "புள்ளட வாப்பா". வாப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று நோயாளியின் பெயரென்ன என்று தாதி கேட்டாள். அந்த நெருக்கடியிலும் உம்மா சொல்லவில்லை. என்னைப் பிடித்து முன்னால் தள்ளினார். நான்தான் சொன்னேன்.

ஒருநாள் லுஹருக்கும் அஸருக்கும் இடையில், உம்மாவின் வெள்ளை உடுப்புகளை மடித்து எடுத்துக்கொண்டு பின் அறைக்குப் போனேன். வாசல் திரைச்சீலைக்கு இப்பாலேயே கால் நின்றுவிட்டது. உள்ளே உம்மா யாருடனோ கதைக்கிறார். ஆண்கள் யாரும் வரமுடியாத அறை, வீட்டிலும் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. காது கொடுத்தேன். உம்மா ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். வாப்பாவின் முழுப்பெயரை. மெதுவாக, எழுத்து எழுத்தாக, ஓதப் பழகுகிற பிள்ளையைப் போல. சொல்லிவிட்டுக் கொஞ்சம் பேசாமல் இருந்தார். பிறகு திரும்பவும் சொன்னார். பதிலுக்கு யாரும் "ஓம்" என்றுவிடக்கூடாதே என்று நான் உண்மையாகவே பயந்தேன். பட்டப் பகலில், எனக்குத் தெரிந்த வீட்டில்.

சீலையை விலக்கினேன். உம்மா கட்டிலில் இருந்தார். மடியில் டெப்லெட், திரையில் அந்தப் பக்கம். அவருடைய விரல் வாப்பாவின் பெயருக்குக் கீழே இருந்தது. என்னைக் கண்டதும் விரலை எடுத்தார், டெப்லெட்டை மறைக்கவில்லை. தலைமாட்டில் அவருடைய கைபேசி கவிழ்ந்து கிடந்தது. எடுத்துப் பார்த்தால் நெருப்பாகச் சுட்டது. மக்காவிலிருந்து வருகிற நேரடி ஒளிபரப்பு சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரைக்கும் அப்படி ஓடவிடுவாராம். அளவு முடிந்தால்தானே அந்தப் பக்கம் வரும்.

நான் ஏசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய பெயர் வேண்டுமென்றால் அடையாள அட்டை இருக்கிறதே உம்மா, பென்ஷன் கடிதம் இருக்கிறதே, மரணச் சான்றிதழிலும் இருக்கிறதே என்றேன்.

"அதுகள்ள எல்லாம் முடிஞ்சுபோன ஆள்ர பேர் மகள்" என்றார் உம்மா. "இதுலதான் அவர இரிக்கிற ஆளாக் கூப்பிடுறாங்க."

அழுகையை அடக்கமுடியவில்லை. அழுதேன். உம்மா அழவில்லை. வாப்பா அந்தப் பக்கத்தைக் காணும்போதெல்லாம் தன் பெயரைத் தானே உரத்து வாசித்து, பார்த்தியா, எனக்கு என்ன மரியாதை என்று நக்கலடித்துவிட்டுத்தான் ஏசத் தொடங்குவாராம். உன்ட வாயாலயும் ஒருக்காச் சொல்லன் என்று உம்மாவைப் பகிடி பண்ணுவாராம். உம்மா வெட்கப்பட்டுச் சீலைத்தலைப்பை வாய்க்குள் வைத்துக்கொள்வாராம். ஒருதரமும் சொல்லவில்லையாம். இதை என்னிடம் சொல்லும்போதும் உம்மா கொஞ்சம் வெட்கப்பட்டார்.

அன்றிலிருந்து நானும் ஒன்றும் கேட்கவில்லை. வேகம் குறைந்த நாட்களில் பிள்ளைகளுக்கு வீடியோவை நிறுத்திவிட்டுக் குரலில் மட்டும் ஓதிக் கொடுத்தேன். வீட்டுக்குள் யாரும் அறியாமல் உம்மா கேட்டு வாங்குகிற ஒரு வேதனையாக அந்தக் கம்பனிப் பக்கம் ஆகிவிட்டது. பின் அறையைத் தாண்டிப் போகும்போது சில நேரம் வாப்பாவின் பெயர் கேட்கும். பழகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு தரமும் எனக்குக் கால் தயங்கத்தான் செய்தது.

இத்தா முடிந்தது. உம்மா குளித்து, நிறச் சீலை உடுத்தினார். சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து போனார்கள். பெயர் மாற்றுகிற கதையை நான் எடுக்கவேயில்லை. எடுப்பதில்லை என்றே இருந்தேன். ஒருநாள் காலை உம்மாவே அபாயாவைப் போட்டுக்கொண்டு வந்து நின்று, கல்முனைக்குப் போவோம் என்றார். வேண்டாம் உம்மா, அது அப்படியே இருக்கட்டும் என்றேன். அவர் கேட்கவில்லை. இல்லாத மனுசரை இருக்கிறார் என்று ஏமாற்றி வைத்திருப்பது சரியில்லை, அவர் எதிலும் நேரான ஆள், அவருக்கு இது பிடிக்காது என்றார். ஓட்டோவில் போகும்போது வழி முழுக்கக் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கடைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கந்தோரில் அதே மருதமுனைப் பிள்ளை. எங்களைக் கண்டதும் எழுந்து, உம்மாவுக்குக் கதிரையை இழுத்துப் போட்டாள். பிறகு வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். இப்போதைய உரிமையாளரின் முழுப்பெயர் என்ன? உம்மா சொல்லமாட்டார் என்று நான் வாயைத் திறந்தேன். உம்மா என் கையில் ஒரு தட்டுத் தட்டினார். சொன்னார். வரிசையில் நின்ற ஆண்களுக்கு முன்னால், அந்தப் பக்கத்தில் வாசித்துப் பழகின அதே ஒழுங்கில், வாப்பாவின் பெயரை முழுதாகச் சொன்னார். அந்தப் பிள்ளையை நேரே பார்த்துக்கொண்டு சொன்னார். எனக்குத்தான் நிலத்தைப் பார்க்கவேண்டியிருந்தது.

யாருடைய பெயருக்கு மாற்றவேண்டும் என்று அந்தப் பிள்ளை கேட்டது. என்னுடைய பெயருக்கு என்று அடையாள அட்டையை எடுத்து வைத்தேன். வீடும் என்னுடையது, வேலையும் என்னுடையது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? உம்மா அந்த அட்டையை எடுத்து என் கையில் திரும்பத் தந்துவிட்டுத் தன்னுடையதை வைத்தார். அங்கே நின்று தர்க்கம் பண்ண எனக்கு விருப்பமில்லை. பெக்கேஜையும் பெரிதாக்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

ஓட்டோவில் ஏறியதும் கேட்டேன். ஏன் உம்மா, உங்களுக்கு ஏன் இந்தத் தொல்லை என்றேன். உம்மா தன் அடையாள அட்டையைக் கைப்பைக்குள் வைத்து மூடினார்.

"அந்தப் பக்கத்துல உன்ட பேர் வந்தா அத வாசிக்க எனக்கு ஏலா மகள்" என்றார். "என்ட பேர நீ வாசிக்கலாம். அதுதான் முறை."

வீட்டுக்கு வந்து உம்மா தன் கைபேசியில் மக்காவை நிறுத்தினார். அதற்குப் பிறகு பகல் முழுக்க அதை ஓடவிட்டதில்லை.

அளவு பெரிதானபடியால் அந்தப் பக்கம் நெடுநாள் வரவில்லை. நானும் மறந்துபோனேன். நோன்பு முடிந்து கொஞ்ச நாளில், லண்டன் பிள்ளைகளுக்கு மேலதிக வகுப்பெடுத்த ஒரு மாதம். லுஹர் நேரம் பார்க்க டெப்லெட்டைத் திறந்தேன். மேலே கம்பனியின் பட்டி. "மதிப்பிற்குரிய" என்று தொடங்கி உம்மாவின் முழுப்பெயர். அவருடைய வாப்பாவின் பெயர் முன்னால், அவர் பெயர் பின்னால், ஒரு எழுத்துக் குறையவில்லை. உங்களது அளவு முடிவடைந்துவிட்டது.

வீட்டில் ஒரு சத்தமுமில்லை. குசினிப் பக்கம் மட்டும் எண்ணெய் கொதிக்கிற சத்தம் கேட்டது.

"உம்மா" என்றேன்.

பதில் இல்லை. எழும்பி நின்று இன்னும் உரத்துக் கூப்பிட்டேன்.

"என்னகா?" என்று குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஒண்டுமில்ல. சும்மாதான் கூப்பிட்டன்."

"சும்மா கூப்பிடாத. மீன் கருகுது."

திரும்பவும் கட்டிலில் உட்கார்ந்தேன். திரையில் உம்மாவின் பெயர் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதை நான் வாய்விட்டு வாசிக்கவில்லை. "தொடர்க" என்பதை அழுத்தினேன்.